செங்கல்லா, ஃப்ளை ஆஷ் கல்லா, ஏஏசி பிளாக்கா?

வீடு கட்டப்போகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஒரு கல் என்ன விலை என்றுதான். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கட்டி முடித்த சுவருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். பத்தடி நீளம், பத்தடி உயரத்தில் ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் 75 கன அடி. 9 x 4¼ x 3 இஞ்ச் செங்கல்லில், 10 மி.மீ. கலவை விட்டுக் கட்டினால் சுமார் 880 கல் பிடிக்கும். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 925 வாங்கிக்கொள்ளலாம். கதவு, ஜன்னல் இருந்தால் அந்த அளவைக் கழித்துவிடுங்கள். இந்தச் சுவரில் ஏறக்குறைய கால் பங்கு கலவைதான். சிமெண்டும் எம்சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) அங்கேதான் போகின்றன.

அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல்லும் ஏறக்குறைய இதே அளவில்தான் வருகிறது. அச்சில் வார்த்த கல் என்பதால் ஓரம் நேராக இருக்கும்; பூச்சுக் கனம் குறையும். ஏஏசி பிளாக் என்பது உள்ளே காற்றுக்குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல். அதன் முகம் 600 x 200 மி.மீ. அதே நூறு சதுர அடிக்கு 76 பிளாக் போதும். இணைப்பில் 3 மி.மீ. கனத்துக்குப் பசைக்கலவை வைத்தாலே போதும். எடையும் அதே அளவு செங்கல் சுவரில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் பீமுக்கும் அஸ்திவாரத்துக்கும் பாரம் குறையும்.

அப்படியானால் ஏஏசியே போதுமே என்று தோன்றும். தூண், பீம் போட்டுக் கட்டும் மாடி வீட்டின் உள்சுவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். சுவரே கூரையைத் தாங்கும் வீட்டுக்கு வேண்டாம். அங்கே சூளை அறையில் நன்றாக வெந்த சேம்பர் செங்கல்தான் சரி. குளியலறைச் சுவருக்கும் ஏஏசி வேண்டாம் என்பேன். அது தண்ணீரை இழுக்கும். கெய்சர் மாட்டச் சாதாரண பிளக் அடித்தால் நாளடைவில் ஆடத் தொடங்கிவிடும். அதற்கென்றே வரும் ஆங்கர் வேண்டும். பைப் பதிக்க உளியால் கொத்தினால் பிளாக்கில் விரிசல் விழுந்துவிடும், கட்டரால்தான் அறுக்க வேண்டும். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் கோழி வலை (மெல்லிய கம்பி வலை) வைக்காமல் பூசினால் நேர்கோடாக விரிசல் விழும்.

கட்டும் முறையும் கல்லுக்குக் கல் மாறும். செங்கல்லைத் தொட்டியில் போட்டுக் குமிழி அடங்கும்வரை ஊறவைக்க வேண்டும். ஊறாத கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கலவை பிடிக்காது. ஃப்ளை ஆஷ் கல்லுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும், ஏஏசிக்கு முகத்தை நனைத்தால் போதும். கலவையில் சிமெண்டுக்கு மணல் ஒன்பது இஞ்ச் சுவருக்கு 1:6, நாலரை இஞ்ச் சுவருக்கு 1:4. ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். கொத்தனார் வேகமாக முடித்துத் தருகிறேன் என்றாலும் சம்மதிக்க வேண்டாம்.

பழுதுபார்க்க வேண்டி வந்தால் செங்கல் அளவுக்கு ஒத்துழைக்கும் கல் வேறில்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுப் பின்சுவரில் மூன்றாம் வருடமே பூச்சு பொரிந்து விழுந்தது. உள்ளே விரலால் தேய்த்தால் கல் மாவாக உதிர்ந்தது. இரண்டாவது லோடில் அரைவேக்காட்டுக் கல் கலந்திருக்கிறது. நாங்கள் மேலே அடுக்கியிருந்ததை மட்டும் பார்த்து இறக்கிவிட்டோம். சரிசெய்ய வந்த கொத்தனார் கெட்ட கல்லைச் சுற்றியிருந்த கலவையை மெல்லிய உளியால் கொத்தி, கல்லை உருவி எடுத்தார். குழியைத் துடைத்து நனைத்தார். ஊறிய புதுக் கல்லின் நான்கு பக்கமும் கலவை அப்பி உள்ளே தள்ளி, சந்துகளைக் கரண்டி முனையால் இறுக்கினார். “அடுத்தடுத்த கல்லை ஒண்ணா எடுக்காதீங்க சார், ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தாத்தான் மேல் சுவர் நிக்கும்” என்றார். நான்கு நாளில் 23 கல் மாற்றினோம். அதே இடத்தில் 600 மி.மீ. பிளாக் இருந்திருந்தால் இப்படி ஒவ்வொன்றாக உருவியிருக்க முடியாது.

அதனால் லோடு வந்ததும் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் கல்லை எடுத்துப் பாருங்கள். இரண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. மூன்றடி உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக்கூடாது. ஒரு நாள் முழுக்க ஊறினாலும் கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. சமையலறைத் தராசே போதும்.

செங்கல்லுக்காகத் தோண்டும் செம்மண்ணைப் பற்றியும் யோசிக்கத்தான் வேண்டும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் மண் எடுத்த பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2021இல் அங்கே சூளைகளை மூடினார்கள். நெய்வேலி, மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் சாம்பலில் செய்த கல் நல்ல தரத்தில் கிடைத்தால், தூண் போட்ட வீட்டின் வெளிச்சுவருக்கு நான் அதையே எடுப்பேன். காம்பவுண்டுக்கு சாலிட் கான்கிரீட் பிளாக் போதும்.