ஏடி2020-ஆ, என்டி1-ஆ? மின்விசிறியை நிறுத்திவிட்டு முடிவு செய்யுங்கள்

வீட்டு ஸ்டுடியோவுக்கு முதல் கண்டென்சர் மைக் (மின்னேற்றம் கொண்ட மெல்லிய சவ்வால் ஒலியைப் பிடிப்பது) தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று ஆடியோ-டெக்னிகாவின் ஏடி2020. மற்றது ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் செய்யும் என்டி1, அதன் ஐந்தாம் தலைமுறை. இரண்டாவதன் விலை முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் மைக்கின் சொந்த இரைச்சல், அதாவது சுற்றிலும் சத்தமே இல்லாதபோதும் மைக் தானாக எழுப்பும் ஒலி. ஏடி2020-க்கு அது 20 டெசிபெல், என்டி1-க்கு வெறும் 4. தாளில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் நள்ளிரவில் மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்திய படுக்கையறையே 30 டெசிபெல்லை ஒட்டித்தான் இருக்கும். 30-உடன் 20 சேர்ந்தால் மொத்தம் அரை டெசிபெல்கூட ஏறாது. மின்விசிறி ஓடினால் கேட்கவே வேண்டாம், 4-ம் 20-ம் ஒன்றுதான்.

கணக்கு அத்தோடு முடிவதில்லை. அறையின் இரைச்சல் பெரும்பாலும் அடித்தொண்டை உறுமல். 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) போட்டாலே கணிசமாகக் குறைந்துவிடும். மைக்கின் இரைச்சலோ மேலே 'உஸ்' என்று கிடக்கும்; ஃபில்டருக்கு அகப்படாது. கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) போட்டு 10 டெசிபெல் தூக்கி, குரலுக்கு மினுக்கு வேண்டும் என்று 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இன்னும் 3 டெசிபெல் ஏற்றினால் அந்த 'உஸ்' வெளியே வரும். வீணையை இரண்டடி தள்ளி மைக் வைத்துப் பதிபவர்களுக்கும், தாழ்ந்த குரலில் ஒலிப்புத்தகம் வாசிப்பவர்களுக்கும் என்டி1 கொடுத்த காசுக்கு உழைக்கும். வாய்விட்டுப் பாடுபவருக்கு, மிருதங்கத்துக்கு, கிதாருக்கு ஏடி2020 போதும். சிதையாமல் தாங்கும் அதிகபட்ச ஒலியழுத்தம் ஏடி2020-க்கு 144 டெசிபெல், என்டி1-க்கு 142. தவிலை அருகில் வைத்து அடித்தாலும் மைக்குக்கு முன்பே, அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ்தான் கிளிப் ஆகும் (அளவு மீறி ஒலி சிதையும்).

"நல்ல ப்ரீஆம்ப் வாங்கினால் இரைச்சல் குறையும்" என்பது கண்டென்சருக்கு அநேகமாகப் பொருந்தாது. ப்ரீஆம்ப் என்பது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி; இன்டர்ஃபேஸுக்குள்ளேயே இருக்கும். சாதாரண இன்டர்ஃபேஸ்களின் உள்ளீட்டு இரைச்சல் −128 டிபியூ (மின்னழுத்தத்தைச் சொல்லும் டெசிபெல் அளவு) அளவில் இருக்கிறது. ஏடி2020-இன் உணர்திறன், அதாவது ஒலியை எவ்வளவு வலுவான சிக்னலாக மாற்றுகிறது என்பது, −37 டெசிபெல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ப்ரீஆம்ப் கூட்டும் இரைச்சல் சுமார் 1 டெசிபெல் ஒலியழுத்தத்துக்குச் சமம். மைக்கின் 20-க்கு முன்னால் அது தூசு. அதே இன்டர்ஃபேஸில் −59 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஷ்யூர் எஸ்எம்7பி-யைச் சொருகினால் ப்ரீஆம்ப் கூட்டும் இரைச்சல் 23 டெசிபெல்லாகிவிடும். எஸ்எம்7பி டைனமிக் மைக், அதாவது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு ஒலியைப் பிடிப்பது. டைனமிக் மைக் அறைச் சத்தத்தை வாங்காது என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். அதை வாயோடு ஒட்டி வைத்துப் பேசுகிறோம், அதனால் சத்தம் குறைவாகக் கேட்கிறது. கண்டென்சரையும் அதே தூரத்தில் வைத்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும்.

இனி பெட்டிக்குள் இருப்பவை. ஏடி2020-உடன் ஸ்டாண்டில் மாட்டும் பிடியும் ஒரு பையும் வரும். ஷாக் மவுண்ட் (அதிர்வு தாங்கும் பிடி), பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் திரை), மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிள், கண்டென்சருக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தரும் இன்டர்ஃபேஸ் எல்லாம் தனிச் செலவு. என்டி1-உடன் ஷாக் மவுண்டும் பாப் ஃபில்டரும் கேபிள்களும் வருகின்றன. அதோடு எக்ஸ்எல்ஆர் பின்களுக்கு நடுவிலேயே ஒரு யூஎஸ்பி-சி துளை இருக்கிறது. நேராகக் கணினியில் சொருகலாம். துளை உள்ளடங்கி இருப்பதால் தடித்த தலை கொண்ட கேபிள் போகாது, கூட வருவதையே வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி வழியில் 32-பிட் ஃப்ளோட் என்ற பதிவு வகை கிடைக்கிறது: உச்சஸ்தாயியில் அளவு எகிறினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். பதிவு மென்பொருளில் கோப்பு வகையையும் 32-பிட் ஃப்ளோட் என்று மாற்ற வேண்டும். 24-பிட்டில் விட்டால் அந்த வசதி இருந்தும் இல்லாததுதான். குறை ஒன்று: மைக்கில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. பாடும்போது தன் குரலைத் தாமதமின்றிக் கேட்க விரும்புபவருக்கு யூஎஸ்பி வழி எரிச்சலூட்டும்.

ஆகவே இன்டர்ஃபேஸ் இல்லாதவர் என்டி1 வாங்கினால் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஏற்கெனவே இருப்பவர் ஏடி2020 எடுத்துக்கொண்டு மிச்சத்தை நல்ல ஷாக் மவுண்டுக்கும் கனமான கம்பளிகளுக்கும் செலவிடலாம். இணையத்தில் அள்ளித் தெளித்திருக்கும் பிஎம்-800 மைக் வகையறா பக்கம் போகாதீர்கள். பெரிய கூண்டுக்குள் நிரந்தர மின்னேற்றம் கொண்ட சின்ன எலெக்ட்ரெட் கேப்சூல்தான் (ஒலியை வாங்கும் பகுதி) உட்கார்ந்திருக்கும்.

கம்பளி என்றது சும்மா அல்ல. டைல்ஸ் தரை, சிமெண்ட் பூச்சுச் சுவர் உள்ள அறையில் எந்த மைக்கும் குளியலறைபோல் ஒலிக்கும். இரண்டுமே கார்டியாய்டு, அதாவது முன்பக்க ஒலியை அதிகம் வாங்குபவை; பின்பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். எனவே மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்புங்கள், கம்பளியைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதற்கு முன் நின்றாலும் நல்ல பலன். ஓர் அங்குல ஃபோம் ஒட்டினால் உயர்ஸ்தாயி மட்டும் அடங்கும், கீழே 'கும்' என்ற ஒலி அப்படியே நிற்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் பாப் ஃபில்டர். இவை பக்கவாட்டைப் பார்த்துப் பாட வேண்டிய மைக்குகள், உச்சியைப் பார்த்து அல்ல. என்டி1-இல் தங்கப்புள்ளி உள்ள பக்கம் முகப்பு. தமிழ்ப் பகரம் ஆங்கிலப் 'பி' போல மூச்சை ஊதுவதில்லை, அதனால் தமிழ் வாசிப்பில் பாப் சற்றுக் குறைவு. 'ஸ', 'ஷ' கூசினால் மைக்கை 15 டிகிரி திருப்பிப் பாருங்கள். ஈக்யூவை (ஒலியின் ஏற்ற இறக்கங்களைத் திருத்தும் கருவியை) தொடுவது அதற்குப் பிறகு. கேபிளைச் சொருகிவிட்டு, கெயினை (ப்ரீஆம்பின் பெருக்க அளவை) பூஜ்யத்தில் வைத்து 48 வோல்ட்டைப் போடுங்கள்.

ஐப்பசி மழையில் மைக் திடீரென்று பொரிகடலை வறுப்பதுபோல் பொரிந்தால் பயப்பட வேண்டாம். கேப்சூலைச் சுற்றியுள்ள சுற்றின் மின்தடை மிக மிக அதிகம். ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து அந்தச் சத்தம் வரும். மைக்கைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் ஓரிரு நாள் மூடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மணிகளை மட்டும் எடுத்து வாணலியில் மிதமாகச் சூடாக்கி, நீலம் திரும்பியதும் ஆறவைத்துப் போடலாம். ஹேர் டிரையரை மைக்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.