550 சிசி என்று விற்கப்பட்ட போலி இன்ஜெக்டர்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்கள் கவனத்திற்கு

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) பொருத்திய என் பழைய மாருதி எஸ்டீம் காருக்காக, நிமிடத்துக்கு 550 சிசி (மில்லி) பெட்ரோல் பாயும் பாஷ் நிறுவன இன்ஜெக்டர்கள் (எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகங்கள்) நான்கை ஓசூரில் ஓர் உதிரிபாக வியாபாரியிடம் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஜிஎஸ்டி பில் கேட்டபோது, எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது. அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நான்கும் 12 ஓம் காட்டின. எஸ்டீமின் இசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிக்கு) அதிக மின்தடை உள்ள இன்ஜெக்டரே ஏற்றது. 2 அல்லது 3 ஓம் உள்ளதை நேரடியாக மாட்டினால் மின்னோட்டம் நான்கு முதல் ஆறு மடங்காகி இசியு பழுதாகும் என்பதால், இந்த ஒரு சோதனையோடு மனம் நிறைந்துவிட்டேன். ஓம் அளவு உள்ளே இருக்கும் சுருளைப் பற்றி மட்டுமே சொல்லும், நுனித் துளைகளைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை அப்போது நான் எண்ணவில்லை.

சேலத்திலிருந்து திரும்பும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முழு பூஸ்ட்டில் (டர்போ தரும் காற்றழுத்தத்தில்) உலோகம் தட்டுவது போன்ற சத்தம் கேட்டது. காற்று-பெட்ரோல் விகிதத்தைப் புகையிலிருந்து அளக்கும் வைட்பேண்ட் மீட்டரோ சரியான கலவையையே காட்டிக்கொண்டிருந்தது. நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றாகக் கலந்த இடத்தில் அந்த சென்சார் இருப்பதால், ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் போதாமல் தவிப்பது சராசரியில் மறைந்துவிடுகிறது. எஞ்சினைப் பிரித்தபோது நான்காவது பிஸ்டனின் ரிங் வரப்பு (ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு) உடைந்திருந்தது.

பிறகுதான் இன்ஜெக்டர்களைச் சோதனை மேடையில் ஏற்றினோம். 3 பார் அழுத்தத்தில் 30 விநாடிக்கு 275 மில்லி வர வேண்டிய இடத்தில் 268, 243, 271, 219 என்று வந்தது. நான்காவதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜெக்டர்களின் மேல் இருந்த பாஷ் எண்ணும் லேசரால் பொறித்ததன்று, தின்னர் தொட்ட துணிக்கே அழிந்த மை.

எந்த அழுத்தத்தில் 550 சிசி என்பதையும் கட்டாயம் கேளுங்கள். 4 பாரில் அளந்ததென்றால், 3 பாரில் அது ஏறக்குறைய 476 சிசி மட்டுமே தரும்.

"எலக்ட்ரிக்கல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்" என்று வியாபாரி கைவிரித்துவிட்டார். கடந்த சில மாதங்களில் இப்பகுதியில் சீட்டு மட்டும் பெற்று 550 சிசி இன்ஜெக்டர் வாங்கியவர்கள், வண்டியை பூஸ்ட்டில் ஓட்டுவதற்கு முன் நான்கையும் கழற்றித் தனித்தனியாக அளந்து பார்த்துவிடுங்கள்.