செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: மாத்திரை பரவாயில்லை, டப்பாதான் சரியில்லை

கொஞ்ச காலமாக எதிலும் பிடிப்பில்லாமல், தூங்கி எழுந்தாலும் அசதியாகவே இருந்ததால் டாக்டரிடம் கேட்டுவிட்டு மனச்சோர்வுக்குச் சாப்பிடும் இந்த மூலிகை மாத்திரையை ஆரம்பித்தேன். வேறு எந்த மருந்தும் சாப்பிடவில்லையே என்று அவர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சரி என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சரக்கில் பெரிய குறை இல்லை. ஒரு மாத்திரையில் 300 மில்லிகிராம் சாறு, அதில் ஹைபெரிசின் என்ற மூலிகைச் சத்து 0.3 சதவீதம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆக 900 மில்லிகிராம், ஆய்வுகளிலும் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்த அளவு இதுதான். வெறுமனே 'மூலிகைப் பொடி' என்று எழுதிவிட்டு சத்து எவ்வளவு என்றே சொல்லாத டப்பாக்களும் விற்கின்றன, அந்தப் பக்கமே போகாதீர்கள். மூடியைத் திறந்தால் காய்ந்த புல் வாடை குப்பென்று வரும், மாத்திரையும் கொஞ்சம் பெரிசு. வெறும் வயிற்றில் போட்டால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, சாப்பாட்டோடு போட்டால் தொந்தரவில்லை.

வேலை செய்கிறதா என்றால், உடனே ஒன்றும் தெரியாது. பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கப்புறம் எனக்குக் காலையில் எழுந்திருப்பது கொஞ்சம் லேசானது, போன் அடித்தால் எடுக்கலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சும்மா இருந்திருந்தாலும் சரியாகியிருக்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2008ஆம் வருஷ அலசல் 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வுக்கு இது மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேல், வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்கு ஏறக்குறைய சமம், பக்க விளைவும் குறைவு என்றது. ஆனால் ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில்தான் பலன் தூக்கலாக இருந்தது என்பதையும் அதே அலசல் சொல்கிறது, அதனால் நான் பாதி நம்பிக்கையோடுதான் இருக்கிறேன். சோர்வு கடுமையாக இருப்பவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் இதை வைத்துச் சமாளிக்கப் பார்க்கவே கூடாது, நேராக டாக்டரிடம் போங்கள்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'முற்றிலும் இயற்கை'. பின்பக்கம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரை அணுகவும்', அவ்வளவுதான். எந்த மருந்து, என்ன ஆகும், ஒரு வார்த்தை கிடையாது.

விஷயம் இதுதான்: இதிலுள்ள ஹைபர்ஃபோரின், ஈரலில் மருந்துகளை உடைக்கிற என்சைம்களை முடுக்கிவிடுகிறது, அதனால் நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்து தன் வேலையை முடிக்கும் முன்பே உடம்பைவிட்டுப் போய்விடும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் கர்ப்பமானவர்கள் உண்டு. உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினின் அளவு ரத்தத்தில் இறங்கி, வைத்த இதயத்தையே உடம்பு நிராகரிக்கத் தொடங்கிய சம்பவம் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிரோடு சேர்க்காதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000இலேயே எச்சரித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் டப்பாவில் எழுத இடமில்லையாம்!

செர்ட்ராலின், ஃப்ளூஆக்செடின் மாதிரி மனச்சோர்வு மருந்தோடு சேர்த்துப் போட்டால் ஆபத்து வேறு மாதிரி. மூளை நரம்புகளுக்குச் செய்தி கடத்தும் செரடோனின் என்ற ரசாயனம் எகிறி நடுக்கம், படபடப்பு, காய்ச்சல், குழப்பம் என்று ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய் உள்ளவர்களுக்கு, மேனியா என்ற கட்டுக்கடங்காத உற்சாக நிலையைக் கிளப்பிவிடலாம். சிலருக்கு வெயில் பட்டால் தோல் சட்டென்று சிவந்து எரியும். மாத்திரையை நிறுத்தினாலும் அந்த என்சைம் வேகம் அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், ஆகவே ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மூலிகைதானே, இதையெல்லாம் எதற்குச் சொல்வது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரைக்கு ஐந்துக்கு நாலு, டப்பாவுக்கு ஒன்று. இது தீர்ந்ததும் தொடர்வதா, மெல்லக் குறைத்து நிறுத்துவதா என்று டாக்டரிடம் கேட்பேன். தொடரச் சொன்னால், எந்தெந்த மருந்தோடு சேராது என்று உள்ளே தாள் போட்டு விற்கிற வேறு கம்பெனியாகப் பார்த்து வாங்குவேன்.