1970 செவெல் எல்எஸ்6-ஆ, ஹெமி கூடாவா?

செவர்லேயின் செவெல் எல்எஸ்6, பிளைமவுத்தின் ஹெமி ‘கூடா’, இரண்டும் பழைய அமெரிக்க வேகக் கார்கள். போலியில் சிக்காமல் வாங்க ஹெமி ‘கூடா’தான் எளிது. வண்டி எண்ணில் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ இருந்தால் 426 கன அங்குல ஹெமி எஞ்சினோடு ஆலையிலிருந்து வந்தது. ரேடியேட்டர் சட்டத்தில் அடித்த எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும். 1970-இல் ஹெமி கூடா ஹார்ட்டாப் (நிலையான கூரை உள்ளது) 652தான் செய்தார்கள், விலையும் அதற்கேற்ப அதிகம்.

செவெலின் எண் வி8 என்று மட்டுமே சொல்லும், எல்எஸ்6-இன் 454 கன அங்குல எஞ்சின் என்று சொல்லாது. அதனால்தான் சாதாரண செவெலான மாலிபுவை எல்எஸ்6 ஆக்கி விற்கிறார்கள். எஞ்சின் பிளாக்கின் வலது முன்புறத்தில் சிஆர்வி (மேனுவல்) அல்லது சிஆர்ஆர் (ஆட்டோ) முத்திரையைத் தேடுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்: ஆலையில் செதுக்கிய மெல்லிய கோடுகள் அழிந்திருந்தால், தேய்த்து மறுபடி அடித்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோல் டேங்க் மேல் பில்ட் ஷீட் (அந்தக் காருக்கான ஆலையின் பாகப் பட்டியல்) கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம்.

துரு விஷயத்தில் செவெல் மேல். அதற்குத் தனிச் சேசிஸ். கூடாவில் பாடியே சேசிஸ். பின்பக்க ரெயிலும் டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி) குறுக்குச் சட்டமும் அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.