லிஸ்பனில் கடவுளைப் பற்றி ஒரு வழக்கு: நடைப்பயண மதிப்புரை

லிஸ்பன் நகரில் 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் தடங்களைக் காட்டும் நடைப்பயணங்கள் பல உண்டு. நான் சேர்ந்துகொண்டது அவற்றுள் சற்று வேறுபட்டது. இறையியல் படித்த கத்தோலிக்கர் ஒருவர், நிலவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நாத்திகர் ஒருவர் என இரு வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். நல்லவராகிய கடவுள் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார் என்று நின்ற இடமெல்லாம் வழக்காடுகிறார்கள். மூன்று மணி நேரம் ஆகிறது. கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதல்தான் என்றாலும் எனக்கு உறுத்தவில்லை.

கூரையில்லாத கார்மோ மடாலயக் கோவிலில் பயணம் தொடங்குகிறது. நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. காலை ஒன்பதரை மணிக்குச் சற்றுப் பின், மக்கள் திருப்பலிக்குக் கூடியிருக்க, பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்க, நிலம் நடுங்கியது. இடிபாடுகளுக்குத் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைப் பேரலை கொண்டுபோனது. எஞ்சிய நகரைத் தீ பல நாள் தின்றது. இதைச் சொல்லி முடித்த நாத்திகர், வாதம் எதையும் அடுக்காமல், வானத்துக்கு எதிரே நிற்கும் வெற்று வளைவுகளைக் கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மனிதனின் சுயவிருப்பம் போருக்கும் கொலைக்கும் விடையாகலாம், பாறை நகர்ந்ததற்கு ஆகாது என்று நம்பிக்கையாளரே முதலில் ஒப்புக்கொள்வது பாராட்டத்தக்கது. சோற்றை வேகவைக்கும் நெருப்புதான் கையையும் சுடும். ஒழுங்கான இயற்கை விதிகள் இல்லாமல் மனிதர் எதையும் திட்டமிட்டு வாழ முடியாது என்பது அவர் தரப்பு. எல்லாம் வல்லவருக்கு வேறு விதிகளை அமைப்பது கடினமா என்பது மற்றவரின் கேள்வி. (கோவிலை நினைவுச் சின்னமாகவே விட்டுவைத்தார்கள் என்று இருவரும் சொன்னது சரியல்ல. 1756இல் தொடங்கிய மறுகட்டுமானம், 1834இல் துறவு சபைகள் கலைக்கப்பட்டபோது பாதியில் நின்றது.)

ரோசியோ சதுக்கத்தில்தான் எனக்கு மனக்குறை. இது நகரத்தின் பாவத்துக்குத் தண்டனை என்று 1756இல் சிறுநூல் எழுதிய இயேசு சபைக் குரு மலக்ரிடா, 1761இல் இங்கே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். நாத்திகர் அவரையே நம்பிக்கையாளர் அனைவருக்கும் பிரதிநிதியாக்கி, எளிதாக வென்றுவிடுகிறார். விவிலியத்தில் வரும் யோபுவின் கதையில், பாவம் செய்ததால்தான் துன்பம் வந்தது என்று சொன்ன நண்பர்களைக் கடவுளே கண்டிக்கிறாரே என்று எதிர்த்தரப்பு அங்கே எழுப்பியிருக்க வேண்டும், எழுப்பவில்லை. பக்கத்துச் சதுக்கத்தில், நோயாளிகளோடு எரிந்துபோன ‘அனைத்துப் புனிதர்’ அரச மருத்துவமனை இருந்த இடத்தில், நம்பிக்கையாளர் எந்த விளக்கமும் தர மறுத்து, சிலுவையில் கடவுளும் துன்பப்பட்டார் என்பதைத் தவிரத் தம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றார். அது விடையல்ல என்றாலும், அவர் பேசியவற்றுள் நான் மதித்தது அதைத்தான்.

நம்மூரில் இக்கேள்விக்கு உடனே வந்து நிற்கும் முன்வினை என்ற பதில் இந்தப் பயணத்தில் இல்லை. ஒரே பிறவியை நம்பும் சமயத்தில், தொட்டிலில் இறந்த குழந்தையின் கணக்கைத் தள்ளிப்போட முந்தைய பிறவி ஏதுமில்லை. வாதம் இத்தனை கூர்மையாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நிலநடுக்கத்துக்குப் பின் அரசரின் அமைச்சர் பொம்பால் திட்டமிட்டு எழுப்பிய பைஷா பகுதியின் நேர்த்தெருக்களில் பயணம் உச்சத்தை அடைகிறது. படைக்கக்கூடிய உலகங்களுள் இதுவே சிறந்தது என்று 1710இல் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் வாதிட்டிருந்தார். லண்டனையும் பாரிஸையும்விட லிஸ்பன் அதிகப் பாவம் செய்ததா என்று 1756இல் கவிதையில் கேட்டு அந்த நம்பிக்கையை உலுக்கிய பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் நாத்திகர் அல்லர் என்பதை இருவருமே தெளிவுபடுத்தினார்கள். அவருக்குத் தத்துவஞானி ரூசோ எழுதிய மறுமொழிக் கடிதத்தை ஒரு தெருமுனையில் நிறுத்தி விளக்குகிறார்கள்: ஆறேழு மாடிகள் கொண்ட இருபதாயிரம் வீடுகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையல்லவே! கடவுளுக்காக வாதாடப் போய், பழியில் பாதியை மனிதரின் கட்டடக்கலை மேல் இறக்கிவைத்த வாதம் இது. அங்கிருந்த கட்டடம் ஒன்றின் சுவருக்குள் பின்னப்பட்ட குறுக்கு மரச்சட்டங்களைக் கண்ணாடி வழியே பார்த்தபோது அதன் பொருள் விளங்கியது. அடுத்த நடுக்கத்தைத் தாங்குவதற்காகவே அந்த மரக்கூண்டு. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் எவ்வளவு உயர்ந்தது என்று பொம்பால் நாடெங்கும் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பியவர்கள் பங்குக் குருமார்களே என்ற தகவலில் மட்டும் இரு வழிகாட்டிகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

கேள்வி நேரம் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுவது பெருங்குறை. வாதம் கேட்க விரும்புகிறவர்களுக்கு நிச்சயம் பரிந்துரைப்பேன். அண்மையில் உறவினரை இழந்தவர்கள் வேறு நாளுக்கு ஒத்திவைப்பது நல்லது, ஏனெனில் மருத்துவமனைப் பகுதியை அவர்கள் மென்மையாகச் சொல்வதில்லை. பதித்த கற்கள் மழையில் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி அவசியம்.