நேர்த்தி வைப்பவரும் கேள்வி கேட்பவரும்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி, நாவலடி, பாண்டிருப்புப் பக்கம் சிலர் முன்பைவிட இறுக்கமாகக் கோயிலைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு சிலர், "கடவுள் இருந்தால் பிள்ளைகளை ஏன் கடலுக்குக் கொடுத்தார்?" என்று கேட்டு விலகிவிட்டார்கள். இதில் எது மனிதரைத் தாங்குகிறது?

துக்கம் என்று வந்தால் நம்பிக்கைதான் முன்னுக்கு நிற்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்துவிட்டால் வீடு வாசல் கழுவ வேண்டும், மீன், இறைச்சி என்று மச்சம் விலக்க வேண்டும், பொங்கலுக்கு அரிசி எடுத்துவைக்க வேண்டும், சடங்கின் முடிவில் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திக்கு ஊரோடு போய் நிற்க வேண்டும். பிள்ளையை இழந்த தாய்க்கு அந்த வேலைகளே பெரிய துணை. "வாங்கக்கா, போவம்" என்று பக்கத்து வீட்டில் இருந்து கூப்பிடுவார்கள். விலகிப்போனவருக்கு அப்படி ஒரு நாள் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை.

ஆனால் அதே நம்பிக்கை, "எல்லாம் போன பிறவிப் பாவம்" என்று பேசத் தொடங்கினால், பிழைத்தவரின் நெஞ்சைச் சுடும். இந்த இடத்தில் நான் சந்தேகப்படுகிறவர் பக்கம். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து அலை இங்கே வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்பது பாவமில்லை. இந்தியப் பெருங்கடலுக்கான சுனாமி எச்சரிக்கை முறையே அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவர்களும் நிறைய. அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வானிலை அறிவிப்பையும் கேட்டுத்தான் வள்ளம் தள்ளுவார்கள். எனக்குக் கவலை முழுதாக விலகினவரைப் பற்றித்தான். சடங்குக்கு வராவிட்டாலும் அவர் வீட்டுக்குப் போங்கள், சாமியைப் பற்றிப் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.