டிஎன்எஃப் ஏற்பி-1 எலைசா கிட்: நீர்த்தலில்தான் எல்லாம்

அழற்சியைப் பார்க்க, அதைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை நேரடியாகத் தேடினால் பல மாதிரிகளில் ஒன்றும் சிக்காது. அளவும் குறைவு, சீக்கிரம் மறைந்தும்விடும். அது செல்லில் போய் ஒட்டும் புரதமான ஏற்பி-1 அப்படியல்ல. ஆடாம்17 என்ற நொதி அதைச் செல்லின் மேலிருந்து அறுத்துவிட, ரத்தத்தில் ஓரளவு நிலையாக மிதக்கும். நலமானவர் சீரத்திலேயே (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) மில்லிக்கு ஏறக்குறைய 1,000 பிகோகிராம் இருக்கும். இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே புரதத்தைப் பிடித்து நிறத்தால் அளக்கும் சாண்ட்விச் எலைசா கிட்டுக்கு இது எளிய இரை.

எளிது என்பதே வம்பு. அளவு தெரிந்த கரைசல்களான ஸ்டாண்டர்ட் வரிசை பெரும்பாலும் மில்லிக்கு 500 பிகோகிராமில் முடிந்துவிடும். சீரத்தை அப்படியே ஊற்றினால் அளவீடு அந்த வரிசையை வைத்து வரையும் வளைகோட்டுக்கு மேலே போய்விடும். மென்பொருள் அப்போதும் ஏதோ ஓர் எண்ணை நீட்டும், அதை நம்பக்கூடாது. 20 மைக்ரோலிட்டர் சீரத்தில் 180 மைக்ரோலிட்டர் டைலுவென்ட் சேர்த்து 10 மடங்கு நீர்த்தால் நடுவில் வந்து உட்காரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதுவும் போதாமல் போகலாம். ஏற்பியை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் சிறுநீரகத்துடையது. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு தெரியாமல் 'அழற்சி அதிகம்' என்று எழுதிவிட வேண்டாம்.

செய்முறை வழக்கமானதுதான். ரத்தம் 30 நிமிடம் உறையட்டும், 1,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றி, சீரத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து ஃப்ரீசரில் உறைய வையுங்கள். உருக்கி உருக்கி மறுபடி உறைய வைப்பதுதான் மாதிரியைக் கெடுக்கும். தட்டில் மாதிரி 2 மணி நேரம், நொதி ஒட்டிய ஆன்டிபாடியான கான்ஜுகேட் 2 மணி நேரம், நிறம் தரும் டிஎம்பி இருட்டில் 20 நிமிடம். ஸ்டாப் கரைசல் ஊற்றி 450 நானோமீட்டரில் படித்து, 540 அளவீட்டைக் கழிக்க வேண்டும்.

ஒரே மாதிரியை இட்ட ஜோடிக் குழிகள் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் கழுவலைச் சந்தேகியுங்கள். கடைசிக் கழுவலுக்குப் பிறகு தட்டைக் கவிழ்த்து டிஷ்யூவில் நன்றாகத் தட்ட வேண்டும். குழியில் ஒரு சொட்டு தங்கினாலும் அது கான்ஜுகேட்டின் மிச்சம், டிஎம்பி பட்டதும் நீலமாகிவிடும். தட்டு முழுக்க நிறமே வராவிட்டால் பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா பாருங்கள், அது கான்ஜுகேட்டில் உள்ள எச்ஆர்பி நொதியை முடக்கும்.

டிஎன்எஃப்-இன் இன்னொரு ஏற்பியான ஏற்பி-2-க்குக் கிட் வாங்குபவர்கள் நோயாளியின் மருந்துச் சீட்டையும் கேளுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் எட்டனர்செப்ட் என்ற மருந்தே ஏற்பி-2 ஒட்டிய புரதம். கிட் மருந்தையும் சேர்த்தே எண்ணிவிடும்.

96 குழியில் 7 ஸ்டாண்டர்ட், ஒரு பிளாங்க் (ஏற்பி இல்லாத வெற்றுக் குழி), இரண்டு கண்ட்ரோல், எல்லாம் ஜோடியாக வைத்தால் 20 குழி போய்விடும். மிச்சம் 38 மாதிரிக்குத்தான் இடம். பத்துப் பன்னிரண்டு மாதிரிக்காகத் தட்டைத் திறப்பதானால், பட்டை பட்டையாகக் கழற்றக்கூடிய தட்டு உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.